எதிர்வீட்டுக் கதவு

24.11.2024, ஞாயிறு

இன்று பிரசங்கம் பைபிளில் எசேக்கியேல் 33ஆம் அதிகாரம். பட்டயம், அதாவது வாள், வருவதைக் கண்ட காவற்காரன் எக்காளம் ஊதாமல் இருந்துவிட்டால், செத்தவனுடைய இரத்தப்பழியை அவனிடத்தில் கேட்பேன் என்று கர்த்தர் சொல்வதாக வருமே, அந்த இடம். போதகர் ஐயா மேசையைத் தட்டித் தட்டிப் பேசியதில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதே விட்டது.

ஆராதனை முடிந்ததும் இயேசுவைப் பற்றிய கைப்பிரதித் தாள் கட்டோடு நாங்கள் நாலு பேர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. மல்லாட்டை (வேர்க்கடலை) விற்கிற பாட்டி பத்துப் பதினைந்தை ஒன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பி வரும்போது பார்த்தால் அதில்தான் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். கூட வந்த அம்மா, "தின்னுட்டாவது படிப்பாங்க" என்று தேற்றினார்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா வாசலில். "எங்கடி போயிட்டு வர்ற, மூஞ்சியெல்லாம் கருத்துப் போயி?" பையில் மிச்சம் ஆறு தாள் இருந்தது. பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு "சும்மா, சர்ச்சுல ஒரு வேலைக்கா" என்றேன். பதினோரு வருஷமாக எதிரெதிர் வீடு. பேர் தெரியாத நூறு பேருக்கு ஊதிய எக்காளம் அந்த வாசலில் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

27.11.2024, புதன்

வங்கக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. வீட்டுக்காரர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார், படகு எதுவும் போகாததால் சீக்கிரமே வந்துவிட்டார். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டைப் பற்றிக் கேட்டேன். ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டாம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும், பத்து வரைக்கும். பதினொன்று என்றால் அதைவிடப் பெரிய புயல் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தமாம். ராத்திரி படுத்த பிறகும் அந்தப் பதினொன்று என்னை விடவில்லை.

29.11.2024, வெள்ளி

தம்பி போன் செய்தான், வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. பஸ் ஸ்டாண்டில் தாள் கொடுத்தது அவன் காதுக்குப் போயிருக்கிறது. "அரசியல் சாசனம் 25ல மதத்தைப் பரப்பவும் உரிமை இருக்கு, சரி. ஆனா இன்னொருத்தரை மதம் மாத்தறது அந்த உரிமையில சேராதுன்னு சுப்ரீம் கோர்ட் 1977லயே சொல்லிடுச்சு, பார்த்து நடந்துக்க" என்றான். மனம் மாற்றுவது என் வேலையும் இல்லையே, அது பரிசுத்த ஆவியானவர் வேலை என்றேன். அப்போ நீ எதுக்கு வெயில்ல நின்ன என்று கேட்டான் பாவி.

1.12.2024, ஞாயிறு

நேற்று ராத்திரி புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. பெஞ்சல் என்று பேர். அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையாம். எங்களுக்குக் கரண்ட் இல்லை, தோட்டத்து வாழை அத்தனையும் சாய்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு, கோவிலில் பன்னிரண்டே பேர். முதல் மெழுகுவர்த்தி மூன்று முறை அணைந்தது.

3.12.2024, செவ்வாய்

பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து போனில் இதை எழுதுகிறேன், சார்ஜ் பதினெட்டு.

நேற்று மதியம் திருக்கோவிலூரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் வந்து ஆறு கரை தெரியாமல் போகிறது, உங்க பக்கம்தான் வரும், கிளம்புங்க என்று கத்தினாள். குண்டு உப்பலவாடியில் இருப்பவர்களுக்குத் தென்பெண்ணையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்தான். இருந்தும் புயலே போய்விட்டது, இனி என்ன என்று சாமான் கட்டாமல் உட்கார்ந்திருந்தோம். ராத்திரி பதினோரு மணிக்குக் கொல்லைப்புறம் சலசலவென்று சத்தம். டார்ச் அடித்தால் துணி துவைக்கிற கல்லைக் காணோம், தண்ணீர்தான் இருக்கிறது.

எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். அக்கா திறந்து, "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, வாசப்படியோட போச்சு" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார். உள்ளே போய் மாமியாரை எழுப்பினார். அந்தப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு ஏறுவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

4.12.2024, புதன்

இன்னும் பள்ளிக்கூடத்தில்தான். சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. சுற்றிலும் குழந்தைகள், அக்கா அவர்களுக்கு அப்பர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது, நம் திருப்பாதிரிப்புலியூரில்தான் கரையேறினார், கரையேறவிட்ட குப்பம் என்று பேரே இருக்கிறதே என்று. நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். என்னமாய்ச் சொல்கிறார்! கூச்சமே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "அவருக்கு அக்கா திலகவதியார் தெரியுமில்ல? தம்பி சமணத்துக்குப் போயிட்டாருன்னு மடத்து வாசல்ல போயா நின்னாங்க? திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகிட்டுச் சாமிகிட்ட அழுதாங்க. சூலை வந்து துடிச்சு ஆள் அனுப்பினப்போகூட, நான் அங்க வரமாட்டேன்னுட்டாங்க. அவரேதான் ராத்திரியோட ராத்திரியா வந்து கால்ல விழுந்தாரு" என்றார்.

பையில் அந்த ஆறு தாளும் ஊறிப்போய் ஒரே கட்டியாகக் கிடந்தது.

8.12.2024, ஞாயிறு

நாலு நாளாக வண்டல் வாருகிறோம். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. கோவிலுக்குப் போகவில்லை. போயிருந்தால் வெள்ளத்தை வைத்து இன்னொரு எசேக்கியேல் கேட்டிருப்பேன், கேட்கிற நிலையில் நான் இல்லை.

சாயந்திரம் துணிந்து அக்காவிடம் சொல்லியே விட்டேன். உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்க்கா, இயேசுவைப் பத்தி, என்று. வாய் குழறியது. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"சுனாமியன்னைக்கு நான் தேவனாம்பட்டினத்துல எங்கம்மா வீட்ல இருந்தேன். ஒருத்தன் ஓடி வந்தான், வாயே திறக்கல. அவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் நாங்க ஓடினோம். அன்னைக்கு ராத்திரி நீ கதவைத் தட்டினப்போ உன் மூஞ்சியும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப அப்படி இல்லையே, பரீட்சையில ஒப்பிக்கிற புள்ள மாதிரி இருக்கே."

கோபம் வந்தது, அப்புறம் வெட்கம். என் விசுவாசம் வெறும் பயமாக இருந்தால் அது முகத்தில் தெரிந்திருக்கும்தான். நான் நம்புவதில் பயத்தைவிட ஆறுதல்தானே அதிகம், அதை ஏன் பட்டயத்தைக் காட்டிச் சொல்லப் போனேன்? பேதுரு தம் நிருபத்தில், உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். இந்தக் 'கேட்கிறவர்களுக்கு' என்கிற சொல்லை நான் இத்தனை வருஷமாகத் தாண்டித் தாண்டியே வாசித்திருக்கிறேன். அதற்காக எசேக்கியேலைக் கிழித்துப் போடவும் முடியாது. இரண்டும் ஒரே புஸ்தகத்தில்தான் இருக்கின்றன.

11.12.2024, புதன்

வெயில் வந்தது. நனைந்த அரிசியை இரண்டு வீட்டுக்குமாக ரோட்டோரம் தார்ப்பாயில் காயப்போட்டோம். காக்கா விரட்டிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று, "அன்னைக்கு இடுப்பளவு தண்ணியில நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வர்றப்போ வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே வந்தியே, என்னது அது?" என்றார்.

நான் சொல்லிக்கொண்டு வந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. யோசித்தபோதுதான் பிடிபட்டது. பைபிள்ல வர்ற சங்கீதம்க்கா, 121, சின்ன வயசுல பாட்டி சொல்லிக் கொடுத்தது.

"சொல்லு."

"எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்."

"பர்வதம்னா மலைதானே? கடலூர்ல ஏதுடி மலை?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காக்கா அரிசியில் இறங்கிவிட்டது. அதை விரட்டிவிட்டு வந்து, "சரி, மேல சொல்லு" என்றார். மொத்தமே எட்டு வசனம்தான். "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்கிற இடத்துக்கு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "அங்க வைக்காத, வழுக்கும்" என்று சேற்றைக் காட்டினார்.