பிரிந்து நின்ற இரு புள்ளிகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர், மகனின் தொடையெலும்புத் திசு பதித்த மெழுகுக் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, வெயிலில் உருகிவிடுமோ என்று மலைப்பாதை முழுவதும் உள்ளங்கையால் மறைத்தபடியே சேலம் வந்து சேர்ந்தார்.

உருகாது, பாரஃபின் மெழுகுக்குச் சேலத்துச் சித்திரை வெயில் போதாது.

அதிலிருந்து சீவிய படலத்தில், மரபணு உடைந்திருக்கிறதா என்பதை ஒளிரும் நிறப்புள்ளிகளால் காட்டும் ஃபிஷ் சோதனையின் படம் இன்று வந்தது.

ஒரே மரபணுவின் இரு பக்கங்களைக் குறிப்பதால் ஒட்டியிருக்க வேண்டிய சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் விலகி நின்றன.

22-ஆம் குரோமோசோமிலுள்ள இடபிள்யூஎஸ்ஆர்1 மரபணு உடைந்திருக்கிறது. ஆர்என்ஏவைப் பற்றும் புரதத்துக்கான மரபணு அது; யூயிங் சார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயில் அதன் முன்பாதி பெரும்பாலும் 11-ஆம் குரோமோசோமின் எஃப்எல்ஐ1 மரபணுவுடன் இணைய, ஆர்என்ஏவைப் பற்றும் பகுதியை இழந்த கலப்புப் புரதம் டிஎன்ஏவில் அமர்ந்து மரபணுக்களைத் தாறுமாறாக முடுக்குகிறது.

ஆனால் வேறு சில சார்கோமாக்களிலும் இதே மரபணு உடைவதுண்டு. இணைந்த கூட்டாளி எது என்றறிய திசுவின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு எழுதியிருக்கிறேன்.

மெழுகுக் கட்டியில் இன்னும் சிறிது திசு மீதமிருக்கிறது.