எதற்கும் ஆமாம் சொல்லும் ஃபைல்

"அண்ணா, இந்த ஃபைல் எந்தப் பேரைக் கேட்டாலும் ஆமான்னுதானே சொல்லும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூனியர் பெண் கேட்டது. "முதல்ல மெயில் போகட்டும்மா" என்றேன்.

எங்கள் மெயில் சர்வர், டெபியன் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 10-ஆம் பதிப்பிலிருந்து 11-க்கு மாறிய இரவு அது. மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான எக்ஸிம் 4.92 போய் 4.94.2 வந்ததும் லாக் முழுக்க 'டெயின்டட்' (வெளியிலிருந்து வந்தது, நம்பக்கூடாது) என்ற வரிதான். வெளியிலிருந்து வரும் பெயரை அப்படியே ஃபைல் பாதையில் ஒட்ட 4.94 முதல் எக்ஸிம் விடுவதில்லை. நாங்களோ மெயில்பாக்ஸ் பாதையில் டாலர் டொமைன், டாலர் லோக்கல்_பார்ட் (முகவரியில் @-க்குப் பின்னும் முன்னும் உள்ள பகுதிகள்) என்று வருடக்கணக்காக ஒட்டி வைத்திருந்தோம். போகாமல் நிற்கும் மெயில்களின் கியூ ஏறிக்கொண்டே போனது.

ஒரே ஒரு நட்சத்திரக் குறி மட்டும் உள்ள ஃபைல் ஒன்றை உண்டாக்கினேன். அதில் பெயரைத் தேட நட்சத்திரம் சேர்த்த 'எல்சர்ச்' லுக்கப், கூடவே 'ரெட்=கீ'. எந்தப் பெயரும் நட்சத்திரத்தோடு பொருந்தும். போன பெயரே திரும்பி வரும், டெயின்ட் மட்டும் இருக்காது. கியூ இறங்கியது.

ஆபத்தாக எதையும் செய்துவிடவில்லை என்று இன்றும் வாதாடுவேன். பாதையை மாற்றக்கூடிய சாய்கோடு உள்ள பெயர்களை, வரும் மெயிலை வடிகட்டும் ஏசிஎல் விதிகள் முன்பே தடுத்துவிடும். பத்து நிமிடத்தில் வேறு வழியும் தெரியவில்லை. ஆனால் 2019-இல் பெறுநர் முகவரிக்குள் 'ரன்' என்று எழுதி அனுப்பினால் சர்வரே அதை விரித்துப் படித்து கட்டளையாக ஓட்டிய ஓட்டை வந்ததே, 4.87 முதல் 4.91 வரை, அதற்கு ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் போட்டவனும் நான்தான். வெளியார் தரும் எழுத்தை நம்பினால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இல்லை. தெரிந்தே சோதனையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையை எடுத்துவிட்டேன். அவள் கேட்டது அதைத்தான்.

பதினோரு நாள் கழித்து, டைரக்டரிக்குள் தேடும் 'டிசர்ச்' லுக்கப்பை வைத்து எழுதினேன். அங்கே நிஜமாக இருக்கும் பெயர் மட்டுமே டொமைன்_டேட்டா என்ற, டெயின்ட் இல்லாத மதிப்பாக வரும். லோக்கல் பார்ட்டுக்கும் அப்படியே. மொத்தம் நான்கு வரி. அன்று இரவே எழுதியிருக்க முடியுமா? கியூ அப்படி ஏறும்போது முடிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

அதற்குள் அவள் வேறு டீமுக்குப் போயிருந்தாள். நீ கேட்டது சரிதான் என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். இன்னும் அனுப்பவில்லை.