ஒரு கழித்தல் குறி தின்ற ஆறு மாதங்கள்: காந்த மிதவை இரத்தப் பம்பு வாய்மொழித் தேர்வு அனுபவம்

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. தேறிவிட்டேன். இதை எழுத உட்காரும் முன்புகூட பட்டியலைத் திறந்து என் பதிவெண் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அந்த அளவுக்கு நம்பிக்கை போயிருந்தது.

பலவீனமான இதயத்துக்கு உதவ உடலுக்குள் வைக்கும் இரத்தப் பம்பை, அதன் ரோட்டார் (சுழலும் பகுதி) எதையும் தொடாமல் காந்தத்தால் மிதக்கும்படி வடிவமைப்பதைப் பற்றிய தேர்வு இது. எனக்கு இரண்டாவது முயற்சி. முதல் முறை எழுத்துத் தாளில் நல்ல மதிப்பெண், வடிவமைப்பு அறிக்கையிலும் பெரிய குறை எதுவும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வில் நான்கே நிமிடங்களில் விழுந்தேன். கூட்டல் குறி வர வேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்டேன். மறு தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எத்தனை மதிப்பெண், எத்தனை பகுதி என்பதெல்லாம் இந்தத் தாளை எடுத்தவர்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நடந்தது இதுதான். புறத் தேர்வாளர் என் வரைபடத்தைப் புரட்டிவிட்டு மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "ரோட்டாரை நடுவிலிருந்து வலப்பக்கம் சற்றே தள்ளுகிறேன். சுருளில் மின்னோட்டம் இல்லை. நிரந்தரக் காந்தம் அதை எந்தப் பக்கம் இழுக்கும்?"

"இடப்பக்கம், நடுவை நோக்கி" என்றேன். பலகையில் சுருள்வில் சமன்பாட்டையும் எழுதினேன், கழித்தல் குறியோடு (விசை விலகலுக்கு எதிர்த்திசையில் என்று பொருள்).

"அப்படியானால் சுருள் எதற்கு?"

அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் சொன்னது உண்மையாக இருந்தால் சுருளே தேவையில்லை. நிலைக் காந்தப் புலத்தில் நிரந்தரக் காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை எல்லாத் திசையிலும் நிலையாக மிதக்க விட முடியாது என்று எர்ன்ஷா 1842இல் காட்டியதை அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். தேற்றம் மனப்பாடம். அது என் ரோட்டாருக்கும் பொருந்தும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்ட எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

ஆகவே இந்தத் தேர்வுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் ஒன்றுதான்: எதிர் விறைப்பை (நடுவிலிருந்து விலகினால் விலகிய பக்கமே மேலும் இழுக்கும் குணத்தை) கையால் உணருங்கள். மற்றவை எல்லாம் பிறகு.

எப்படி? இரண்டு காந்தங்களை மேசைமேல் எதிரெதிரே, இரண்டு விரல்கடை இடைவெளியில் ஒட்டிவையுங்கள். ஓர் இரும்பு நட்டை நூலில் கட்டி நடுவே தொங்க விடுங்கள். சரியான நடுப்புள்ளியில் இரண்டு இழுவையும் சமம், நட்டு அசையாது. மயிரிழை வலப்பக்கம் போனால் வலக் காந்தத்தின் பிடி கூடும், இடக் காந்தத்தின் பிடி குறையும். 'டக்' என்று வலப்பக்கமே ஒட்டிக்கொள்ளும். சுருள்வில் நடுவுக்குத் திருப்பி அனுப்பும். காந்தம் ஓரத்துக்குத் துரத்தும். ஆர விசை இடப்பெயர்ச்சியின் திசையிலேயே இருக்கிறது, எனவே கூட்டல் குறி. ஒரு மாலை நேரம் இதை விளையாடிப் பார்த்தது எனக்குப் பத்துப் பாடநூல்களுக்குச் சமம். மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆறு மாதத்தை இழந்தவன் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

குறி சரியானதும் மீதி தானாக அவிழ்கிறது. தட்டை ரோட்டார் கொண்ட பேரிங் இல்லா மோட்டார் வகையை, அதாவது மோட்டாரே ரோட்டாரைத் தாங்கவும் செய்யும் வகையை, எடுத்துக்கொள்ளுங்கள் (ஹார்ட்மேட் 3 என்ற இதய உதவிப் பம்பு இந்த வகைதான்). விறைப்பான பொருளுக்கு ஆறு இயக்கங்கள். அச்சுத் திசை நகர்வும் இரண்டு சாய்வுகளும் காந்த ஈர்ப்பாலேயே தாமாக நிலைபெறும். மேலே தூக்கினால் கீழே இழுக்கும், சாய்த்தால் நிமிர்த்தும். ஆரத் திசைகள் இரண்டும் நிலையற்றவை. அவற்றைத்தான் நிலை உணரிகளும் சுருள்களும் பார்த்துக்கொள்கின்றன. மிச்சம் ஒன்று சுழற்சி, அது மோட்டாரின் வேலை. மூன்று, இரண்டு, ஒன்று. இந்த எண்ணிக்கையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் தேர்வாளரின் முகம் இளகும்.

அடுத்து, கட்டுப்பாட்டுப் பெருக்கத்தின் (விலகலுக்கு எவ்வளவு மின்னோட்டம் தருவது என்ற விகிதத்தின்) கீழ் எல்லை. என் வடிவமைப்பில் ஆர எதிர் விறைப்பு மில்லிமீட்டருக்கு 12 நியூட்டன். சுருள் ஓர் ஆம்பியருக்கு 8 நியூட்டன் தரும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் விலகலுக்குக் குறைந்தது 1.5 ஆம்பியர் என்ற விகிதத்தில் கட்டுப்பாட்டி எதிர்க்க வேண்டும். 1.4 என்று வைத்தால் கொஞ்சம் மோசமாக மிதக்கும் என்று நினைக்காதீர்கள். மிதக்கவே மிதக்காது. முதல் முறை இந்த எல்லையை எனக்குக் கணினி சொல்லியிருந்தது, ஏன் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. தணிப்புக்கு, அதாவது ஆட்டத்தை அடக்க, ரோட்டார் நகரும் வேகத்துக்கேற்ற பகுதியையும் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் ரோட்டாருக்கும் சுருளுக்கும் நடுவே இருக்கும் டைட்டானியச் சுவரில் சுழல் மின்னோட்டம் உண்டாகி விசையைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதைத் தவற விடாதீர்கள். அந்தத் தாமதம் தணிப்பைத்தான் முதலில் தின்னும்.

ரோட்டாரின் எடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. என் ரோட்டார் 40 கிராம், எடை சுமார் 0.4 நியூட்டன். பம்பு நிற்கும்போது ரோட்டார் சுவரில் ஒட்டிக் கிடக்கும், இடைவெளி 0.5 மில்லிமீட்டர் என்றால் காந்தம் அதை 6 நியூட்டன் விசையோடு சுவரில் அழுத்துகிறது. எடையைப் போல் பதினைந்து மடங்கு. (இது நேர்கோட்டுக் கணக்கு, சுவரருகே உண்மையில் இன்னும் கூடும்.) புவியீர்ப்பு இங்கே ஒரு பொருட்டே இல்லை. சுருளும் மின்பெருக்கியும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முதல் நொடியில் சுவரிலிருந்து பிய்த்தெடுக்கும் அந்த விசைதான் தீர்மானிக்கிறது.

இடைவெளியைப் பெரிதாக்கினால் பிய்ப்பது கடினமாகும் என்றால் ஏன் பெரிதாக்க வேண்டும்? இங்குதான் இயந்திரவியல் படித்துவிட்டு வந்தவர்கள் கோட்டை விடுகிறோம். "உராய்வு குறையும், தேய்மானம் இருக்காது" என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். அது பாதி விடை. மிதவை முதலில் இரத்தத்துக்காகத்தான்.

கையால் போடக்கூடிய கணக்கு: ஆரம் 12 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 4,500 சுற்று, விளிம்பு வேகம் நொடிக்கு சுமார் 5.65 மீட்டர். இரத்தத்தின் பாகுநிலை 3.5 மில்லிபாஸ்கல் நொடி. நீர்மப் படலத் தாங்கியில் (மெல்லிய இரத்தப் படலமே ரோட்டாரைத் தாங்கும் வகையில்) வருவதுபோல் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்றால் சறுக்குத் தகைவு, அதாவது இரத்தத்தை உரசிக் கிழிக்கும் அழுத்தம், ஏறத்தாழ 400 பாஸ்கல். 0.5 மில்லிமீட்டர் என்றால் 40. இப்போது பம்புக் கணக்கீடுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எல்லைகளை அருகில் வையுங்கள்: சிவப்பணுவுக்கு 150, தட்டணுவுக்கு 50, இரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணிக்கு 9 பாஸ்கல். 400 மூன்றையும் தாண்டுகிறது. 40 முதல் இரண்டுக்கும் கீழே வந்துவிடுகிறது, மூன்றாவதற்கு மேலேயே நிற்கிறது. "காந்த மிதவை எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிட்டது" என்று எழுதாதீர்கள். நீண்டு விரிந்த அந்தக் காரணி வெட்டுப்பட்டுக் குறைவதால் வரும் இரத்தக் கசிவு நோயாளியைத் துரத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அதே சமயம் இடைவெளியை 2 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டால் காந்தப் பிடி தளரும், பின்வழியே திரும்பும் ஒழுக்கு கூடும், செயல்திறன் சரியும். இடுக்கில் இரத்தம் தேங்கக் கூடாது, கிழியவும் கூடாது. வடிவமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

கணக்குத் தொடங்கும் முன் ஒரே ஒரு சரிபார்ப்பு: நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மில்லிமீட்டர் பாதரசம். இரண்டையும் முறையான அலகுக்கு மாற்றிப் பெருக்கினால் 1.1 வாட். அவ்வளவுதான். என்னோடு எழுதிய ஒருவர் 1,100 வாட் என்று எழுதி, அதற்கேற்ற வெப்ப நீக்க முறையையும் மிக அழகாக வடிவமைத்திருந்தார். நெஞ்சுக்குள் ஒரு வெந்நீர்க் கொதிகலன்.

இந்த இடத்தில் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் மெதுவாக யோசிப்பவன். தாள், பேனா, ஒரு பக்கக் கணக்கு, இதுவே என் எல்லை. கணினிப் பாய்வு உருவகப்படுத்தலின் வண்ணப் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முதல் முறை அதில் ஏழு வாரம் செலவிட்டேன். தேர்வாளர் அந்தப் பக்கங்களை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் காந்தத்துக்குப் போனார். உங்களுக்கு அது கைவந்த கலை என்றால் இந்தப் பத்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.

வரலாற்றுக் கேள்விகளுக்கு இது போதும், இதற்கு மேல் படிக்காதீர்கள்:

- பெர்லின் ஹார்ட் நிறுவனத்தின் இன்கார்: அச்சுப் பாய்வு, காந்தத் தாங்கி, மனிதரில் முதல் பொருத்தம் 2002.
- டெருமோவின் டியூராஹார்ட்: மையவிலக்கு, காந்த மிதவை, ஐரோப்பிய ஒப்புதல் 2007.
- ஹார்ட்மேட் 2: மிதவை இல்லை, தொட்டுச் சுழலும் தாங்கி. பலர் 3-உடன் குழப்புகிறார்கள்.
- ஹார்ட்மேட் 3: முதல் பொருத்தம் 2014, ஐரோப்பா 2015, அமெரிக்கா 2017.
- ஹார்ட்மேட் 2, 3 இரண்டையும் ஒப்பிட்ட மொமென்டம் 3 ஆய்வு, இறுதி அறிக்கை 2019: 1,028 நோயாளிகள். பம்பில் இரத்த உறைவு (சந்தேகம் உட்பட) ஹார்ட்மேட் 3இல் 1.4%, ஹார்ட்மேட் 2இல் 13.9%.
- எச்விஏடி (இன்னொரு இதய உதவிப் பம்பு): காந்தமும் நீர்மப் படலமும் கலந்த தாங்கி. முழு மிதவை என்று எழுதினால் மதிப்பெண் போகும். 2021 ஜூனில் விற்பனை நிறுத்தம்.
- பைவாகார் முழுச் செயற்கை இதயம்: மனிதரில் முதல் பொருத்தம் 2024 ஜூலை, ஹூஸ்டன்.
- சிவப்பணுச் சிதைவுச் சோதனைக்கான தரநிலை: ஏஎஸ்டிஎம் எப் 1841.

ஹார்ட்மேட் 3இன் செயற்கைத் துடிப்பைப் பற்றிய கேள்வி அநேகமாகத் தேர்வு எழுதும் எல்லாருக்கும் வருகிறது. இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்று இறங்கி, பிறகு 4,000 ஏறி, பழைய நிலைக்குத் திரும்பும். 'தேங்கிய இரத்தத்தைக் கழுவ' என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தாவலிலும் நீர்ம விசை மாறுகிறது, அதைத் தாங்கி சமாளிக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

இரண்டாவது முயற்சி. அதே அறை, தேர்வாளர் வேறு. என் அதிர்ஷ்டமோ என்னவோ, கேள்வி அதே காந்தத்தில்தான் தொடங்கியது, ஆனால் இம்முறை ஒரு படி மேலே. சுருளின் சராசரி மின்னோட்டத்தைப் பூஜ்யமாக்கும் கட்டுப்பாடு, அதாவது பேட்டரியைச் சேமிக்க நாம் எல்லாரும் அறிக்கையில் போடுவது. "ரோட்டார்மேல் வலப்பக்கமாக ஒரு நிலையான நீர்ம விசை. இறுதியில் ரோட்டார் எங்கே நிற்கும்?"

முந்தைய நான் யோசிக்காமல் வலப்பக்கம் என்றிருப்பேன். விசை தள்ளும் பக்கம்தானே போகும்! மேசைமேல் இருந்த நட்டை நினைத்துக்கொண்டேன். சுருள் ஓய்ந்துவிட்டது; வலப்பக்க விசையைச் சமன்செய்ய இடப்பக்க இழுவை வேண்டும்; நிரந்தரக் காந்தம் இடப்பக்கம் இழுக்க வேண்டுமென்றால் ரோட்டார் இடப்பக்கம் விலகியிருக்க வேண்டும். விசைக்கு எதிராக நகர்ந்து நிற்கும். 0.6 நியூட்டன் விசை என்றால் என் வடிவமைப்பில் 0.05 மில்லிமீட்டர்.

"நம்பும்படி சொல்லுங்கள்" என்றார்.

"வலக்கையில் தண்ணீர் வாளி தூக்கினால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது, சார். நிற்பதும் நிலையற்ற சமநிலைதான்."

அவர் சிரித்தார். எழுந்து நின்று, இல்லாத வாளியைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கணத்தில் என் முதுகில் இருந்து ஏதோ இறங்கியது.

பிறகு வந்தவை: மின்சாரம் அறுந்தால் என்ன ஆகும்? (ரோட்டார் சுவரில் ஒட்டும், பம்பில் வால்வு இல்லாததால் பெருந்தமனியிலிருந்து இரத்தம் பம்பு வழியே வெண்ட்ரிக்கிளுக்கு (இதயத்தின் கீழறைக்கு) திரும்பும்.) நிலை உணரி ஒன்று பழுதானால்? நோயாளி படியில் குதித்தால்? கடைசிக் கேள்வியில் கொஞ்சம் தடுமாறினேன். முடுக்கத்தை நிறையால் பெருக்கி, மிச்சமிருக்கும் சுருள் விசையோடு ஒப்பிட வேண்டும்; நான் எடையோடு ஒப்பிடத் தொடங்கி, பாதியில் திருத்திக்கொண்டேன்.

முந்தைய நாள் செய்தவை, கேட்டவர்களுக்காக: பலகையில் நிற்காமல் எழுதிப் பழக ஐந்து சமன்பாடுகள். ஒவ்வொன்றிலும் குறியைச் சிவப்பு மையில். வரைபடத்தில் நேர்த்திசை எது என்று அம்புக்குறி போட்டுவிட்டே தொடங்குவது. இரவு சீக்கிரம் தூக்கம்; அது மட்டும் நடக்கவில்லை.

முடிவு வந்த அன்று இரவு, இரண்டு முறை சமர்ப்பித்த அந்த அறிக்கையை நிம்மதியாகப் புரட்டினேன். 31ஆம் பக்கம், இரண்டாவது சமன்பாடு. கழித்தல் குறி இன்னும் அங்கேயே இருக்கிறது. மொத்தம் ஐந்து பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.