தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்த விருந்தாளி

பஞ்சாமிர்தத்தை மூடாமல் சாமி அறையில் வைத்தது யார் என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. அம்மா அத்தையைச் சொல்கிறாள். அத்தை மின்வெட்டைச் சொல்கிறாள். அன்று ராத்திரி தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு முழுக்க இருட்டு. எரிந்தது எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் அது வந்திருக்க வேண்டும்.

வௌவால் என்று நினைத்து எல்லோரும் ஓடினோம். காவடி எடுக்க விரதம் இருந்த வேலு மாமா, என்னைத் தள்ளிவிட்டு முதல் ஆளாக ஓடினார். அது முருகன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும்தான் முதுகு தெரிந்தது. மஞ்சளாக ஒரு மண்டையோடு! "எமன்டா!" என்று மாமா அலறினார். தம்பி துடைப்பத்தால் லேசாகத் தொட, அது கீச்சென்று கத்தியது.

ஆயா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாதான்" என்றாள்.

தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், இதையெல்லாம் பொறுக்க மாட்டான். போனில் தேடி வாசித்தான். பருந்து அந்துப்பூச்சி வகை, சிறகு விரித்தால் 13 சென்டிமீட்டர் வரை வரும். 1758-இல் லின்னேயஸ் என்ற சுவீடன் விஞ்ஞானி இதற்கு அட்ரோபோஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கக் கதையில் உயிர் நூலை அறுக்கிறவள் அவள். "நான் சொல்லலை?" என்றார் மாமா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"நாக்கு குட்டை. ஆழமான பூவில் எட்டாது. அதனால் தேன்கூட்டில் புகுந்து, தேனீ சேர்த்து வைத்ததைக் குடிக்கும்."

"அவரேதான்" என்றாள் ஆயா.

"உடம்பில் தேனீ வாசனையே இருக்கும். அதனால் கூட்டுக்குள் நுழைந்தாலும் தேனீக்கள் கண்டுகொள்ளாது." தாத்தா பத்திரிகை வராத கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காருவார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

"தொந்தரவு செய்தால் தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியே தள்ளும், ஆர்மோனியம் மாதிரி. அந்தச் சத்தம்தான் இது."

"கல்யாணம் ஆன நாளா கேக்குறேன்."

தம்பி போனை வைத்துவிட்டான். அறிவியல் அவனைக் கைவிட்டுவிட்டது.

ஆயா எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தேன் ஊற்றி, சுவரோரம் வைத்தாள். சர்க்கரை வியாதி என்று கடைசி வரை தாத்தாவுக்கு ஒரு லட்டுகூடக் கொடுக்காதவள். "இனிமே என்ன ஆகப்போவுது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மாமாகூட.

ஆனால் இப்போது தோட்டத்தில் பிரச்சினை. கத்தரிச் செடிகளில் விரல் தடிமனில் புழுக்கள், வாலில் கொம்பு வேறு. இந்தப் பூச்சியின் புழுக்கள்தானாம். கத்தரி, உருளைக்கிழங்கு, எந்த இலையானாலும் மொட்டையடித்துவிடுகின்றன. மருந்தடிக்க ஆயா விடுவதில்லை. நாங்கள் கத்தரிக்காயைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

"அவர் பிள்ளைங்கடா" என்கிறாள்.

"அப்போ நான் யாரு?" என்று கேட்டார் வேலு மாமா.

"அதுங்க வளர்ந்ததும் வீட்டை விட்டுப் போயிடும்."