தோளில் அப்பா, கையில் மகன்

நேற்று இரவு ரோமானியக் கவி வெர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில் இரண்டாம் காண்டத்தை மறுபடி வாசித்தேன். கிரேக்கர்களிடம் வீழ்ந்த டிராய் நகரம் எரிகிறது. காவிய நாயகன் ஈனியாஸ் வயதான அப்பாவைத் தோளில் சுமந்துகொண்டு கிளம்புகிறான். வீட்டுத் தெய்வங்கள் அப்பாவின் கையில்; போரில் ரத்தம் படிந்த தன் கையால் அவற்றைத் தொடக்கூடாது என்கிறான். மகன் அவனது வலக்கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் நடைக்கு ஈடுகொடுக்க முடியாத சின்ன எட்டுகளோடு வருகிறான். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எல்லையை நோக்கி நடக்கும் குடும்பங்களின் படத்தைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் என் கண் தேடுவது அந்தச் சின்னக் கால்களைத்தான். ரோமானியர்கள் தங்கள் மூதாதையாகக் கொண்டாடியது இப்படியோர் அகதியை!

அப்புறம், மனைவி கிரியூசா. பின்னால் வந்தவள் வழியில் தொலைந்துபோகிறாள். எரியும் ஊருக்குள் திரும்ப ஓடுகிறான். ஆவியாக எதிரே நிற்கிறாள். மூன்று முறை அணைக்கப் போகிறான். மூன்று முறையும் கைக்குள் காற்றுதான்.