கற்பனை நாட்டை யார் ஆள்வது?

கற்பனை நாடொன்றைப் படைப்பவர்கள் பெரும்பாலும் அரியணையில் ஒரு மன்னனை அமர்த்திவிட்டு வரைபடம் தீட்டப் போய்விடுகிறார்கள். மன்னராட்சியா மக்களாட்சியா என்பதைவிட, வரியை யார் வசூலிக்கிறார், அவருடைய ஆணை எதுவரை செல்லும் என்று கேட்பதே கதைக்கு உதவும் என்பது என் எண்ணம்.

இதற்குக் கடலூரிலேயே சான்று இருக்கிறது. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தொலைவு வரையிலான ஊர்களையும் சேர்த்தே பெற்றது. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு விழுந்த இடத்துக்கு இப்பால் ஒரு வயலும் அப்பால் ஒரு வயலும் வைத்திருந்த உழவர், அடுத்த அறுவடைக்கு யாரிடம் வரி கட்டியிருப்பார்? (நாவல் தொடங்க எனக்கு இவ்வளவு போதும்.) வணிகர் குழுவே அரசாகிவிட்ட நாட்டில், நீதிபதிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஒரே கல்லாவிலிருந்துதான் சம்பளம் வரும்.

புதுச்சேரி வேறு வகை. நிலத்தொடர்பே இல்லாத காரைக்காலையும் மாகேயையும் ஏனாமையும் அதனுடன் பிணைத்தது பிரெஞ்சு ஆட்சி. அவ்வாட்சி போன பின்னும், கேரளக் கரையிலுள்ள மாகே புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கே உறுப்பினரை அனுப்புகிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர், 8 பேர் எதிர்த்தனர். புனைகதைக்கு அத்தகைய எட்டுப் பேரே வேண்டும்: புதிய அரசில் அவர்களுக்கு இடம் உண்டா, பழைய சட்டப்படி அவர்கள் எழுதிய பத்திரம் செல்லுமா, ஓய்வூதியத்தை யார் தருவார்?