ரோட்டரி எஞ்சின் வைப்பவர்கள் எக்ஸாஸ்ட்டை முதலில் யோசியுங்கள்

அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களில் சிலர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி எஞ்சினைப் பொருத்துகிறார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின் அது. இங்கே என் நண்பர் கட்டும் கோஸி விமானத்திலும் அதுதான். எக்ஸாஸ்ட் வெல்டிங் வேலை என்னுடையது. மற்றதெல்லாம் முடிந்தபின் கிடைக்கிற இடத்தில் குழாயை நுழைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ரோட்டரியில் அது நடக்காது.

சிறு விமானங்களில் வழக்கமாக வரும் லைகாமிங் மாதிரி பிஸ்டன் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வாயு 700, 800 டிகிரி செல்சியஸ் காட்டும். ரோட்டரியில் 900ஐத் தாண்டுவது சாதாரணம். எரியும் அறை நீளமாக, ஒல்லியாக இருப்பதால் தீ முழுக்கப் பரவ நேரமாகிறது. அதற்குள் வாயு வெளியேறும் துவாரமான போர்ட் திறந்துவிடுகிறது. குறுக்கே வால்வும் கிடையாது. எரிந்து முடியாத வாயு நேராகக் குழாய்க்குள் பாய்கிறது. 1970களில் மாஸ்டா இந்தச் சூட்டையே பயன்படுத்திக்கொண்டது: மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்க்க, எக்ஸாஸ்ட்டிலேயே தெர்மல் ரியாக்டர் என்று ஒரு பெட்டியை வைத்தது.

காரில் முழு ஆக்ஸிலரேட்டர் சில விநாடிகள்தான். விமானத்திலோ முக்கால்வாசி பவரில் மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். காரிலிருந்து வந்த சாதாரண இரும்புக் குழாய் இதைத் தாங்காது. நான் 321 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் கேட்டு வாங்கினேன். 304 மலிவு, ஆனால் இந்தச் சூட்டில் வெல்டிங் ஓரங்களில் கார்பைடு சேர்ந்து உலோகம் பலவீனமாகும். 321இல் கலந்திருக்கும் டைட்டானியம் அதைத் தடுக்கிறது. வெல்டு செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் சர்க்கரை மாதிரி பொரிந்து, விரிசல் அங்கேதான் தொடங்கும். வெளியே தையல் அழகாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அப்புறம் நீட்சி. ஒரு மீட்டர் குழாய் இந்தச் சூட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று உடையும். அதனால் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நழுவி நகரும் நழுவு மூட்டு கட்டாயம்.

குழாயில் துணிப்பட்டை சுற்றுவது எனக்குப் பிடிக்காது. சூடு உள்ளேயே தங்கி உலோகத்தை இன்னும் வறுக்கும், விரிசல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குழாயைத் திறந்தே விட்டு, இடைவெளி கொடுத்து மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டால் மறைத்து, நடுவில் காற்று ஓட விடுவதே நல்லது. மறைப்பும் இல்லாமல் விடக் கூடாது: 900 டிகிரிக் குழாய், 700 டிகிரிக் குழாயைவிட இரண்டு மடங்கு சூட்டை வீசும். கோஸியின் எஞ்சின் மூடியோ கண்ணாடியிழையும் எபாக்ஸியும். எபாக்ஸி 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். பெட்ரோல் குழாயைக் கூடிய மட்டும் எதிர்ப்பக்கமே கொண்டுபோனோம்.

அடுத்த வேலை சைலன்சர். உள்ளே தடுப்புத் தகடு உள்ள மாதிரி வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். தகடு கருகிக் கழன்று வாயை அடைத்தால், மேலே ஏறும் நேரத்தில் பவர் போய்விடும். துளையிட்ட நேர்க்குழாய் வைக்கப்போகிறோம். சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.